வலிமையை எங்கே தேடுவது? சண்டை விளையாட்டுப் பாத்திரங்களை எடைபோடும் முறைகள் பற்றி

2013 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் நடந்த ஈவோ போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்றவர் ஷியான் என்ற சிங்கப்பூர்க்காரர். அவர் எடுத்தாடிய பாத்திரம் ஜென் என்ற முதிய சீனக் கொலையாளி. இரண்டு நிலைகளில் நின்று சண்டையிடுபவன் அவன். ஒரு நிலையில் கைவரும் அடிகள் மறுநிலைக்கு மாறியதும் வேறாகிவிடும். உயிர்ப்பட்டை அந்த விளையாட்டின் நாயகன் ரியூவைவிடக் குறைவு. இவனோடு பெரிய மேடை ஏறத் துணிந்தவர்கள் சிலரே. அடுத்த ஆண்டே பிரான்சிலிருந்து வந்த லுஃபி என்ற ஆட்டக்காரர், முதல் பிளேஸ்டேஷன் காலத்துப் பழைய கண்ட்ரோலரைக் கையில் பிடித்தபடி, ரோஸ் என்ற பாத்திரத்தைக் கொண்டு அதே பட்டத்தைத் தட்டிச் சென்றார்.

அந்த ஆண்டுகளில் தரவரிசைப் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. டியர் லிஸ்ட் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் அந்தப் பட்டியல்களில் பாத்திரங்கள் எஸ், ஏ, பி, சி என வரிசை கட்டி நிற்கும். உச்சியில் வழக்கமாக இருந்த பெயர்கள் வேறு. அதனால் பட்டியல் பொய் என்று முடிவு கட்டிவிட முடியாது. உச்சியில் இருந்த பாத்திரங்களும் அதே ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான போட்டிகளை வென்றுகொண்டுதான் இருந்தன. ஒரு பாத்திரம் வலியது, இன்னொன்று நலிந்தது என்று சொல்லும்போது நாம் எதை அளக்கிறோம் என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த விளையாட்டுகளை ஆடியவர்கள் இதற்குப் பல விடைகள் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு விடையும் ஓரளவுக்குச் சரி. எது எந்த அளவுக்கு என்பதைப் பார்ப்போம்.

எண்ணிலிருந்து தொடங்குவதே முறை. இந்த விளையாட்டுகள் நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 17 மில்லிநொடி. ஒவ்வோர் அடிக்கும் மூன்று கட்டங்கள் உண்டு: பொத்தானை அழுத்தியதிலிருந்து அடி விழத் தொடங்கும் வரையான நேரம், அடி செல்லுபடியாகும் நேரம், அதன்பின் கைகால் திரும்பி ஆட்டக்காரருக்குக் கட்டுப்பாடு மீளும் நேரம். எதிராளி அடியைத் தடுத்துவிட்டால் இருவரில் யார் முதலில் அசைய முடியும், எத்தனை ஃபிரேம் முந்தி என்பதையும் எண்ணால் எழுதிவிடலாம். 2023-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மிக விரைவான சாதாரணக் குத்து 4 ஃபிரேமில் விழும். ஆகவே தடுக்கப்பட்ட உங்கள் அடி உங்களை 3 ஃபிரேம் பின்னுக்குத் தள்ளினால் தப்பித்துவிடுவீர்கள். 4 ஃபிரேம் தள்ளினால், எதிராளி கையெட்டும் தூரத்தில் இருக்கும்பட்சத்தில், அடி உறுதி. ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்குதான் இடையில் இருக்கிறது. ஒரு பாத்திரத்தின் முக்கியமான அடி இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதே சில வேளைகளில் அதன் தலையெழுத்தாகிவிடுகிறது.

இந்த எண்கள் இப்போது எல்லார் கைக்கும் எட்டுகின்றன. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 தன் பயிற்சி அரங்கிலேயே அவற்றைத் திரையில் காட்டுகிறது. ஆகவே புதிதாக எடைபோட வருபவர் முதலில் அட்டவணையைத் திறக்கிறார். விரைவான குத்து, நீளமான உதை, தடுத்தாலும் பாதகமில்லாத அடி ஆகியவற்றை எண்ணிக் கூட்டிப் பார்க்கிறார். இது வேண்டிய வேலைதான். ஆனால் எண் மனிதர் மேல் படும்போது வேறாகிறது. திரையில் ஒன்றைக் கண்டு விரல் அசைக்க, ஆட்டத்தின் பரபரப்பில், நல்ல ஆட்டக்காரருக்கும் 15 முதல் 20 ஃபிரேம் வரை பிடிக்கும். அதே விளையாட்டில் எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவான டிரைவ் இம்பாக்ட் என்ற அடிக்குத் தொடக்கம் 26 ஃபிரேம். கணக்குப்படி அதைக் கண்ட பிறகு பதில் கொடுத்துவிடலாம். பயிற்சி அரங்கில் எல்லாருமே கொடுத்தும் விடுகிறார்கள். போட்டி மேடையிலோ உலகத் தரத்து ஆட்டக்காரர்கள்கூட அதில் மாட்டுகிறார்கள். குதித்து வருவானா, ஓடி வருவானா, கீழே உதைப்பானா என்று நான்கு திசையில் கவனம் பிரிந்திருக்கும்போது 26 ஃபிரேம் போதுவதில்லை. ஆக, ஓர் அடியின் வேகத்தைப் போலவே, அதே நேரத்தில் எதிராளி இன்னும் எத்தனை ஆபத்துகளுக்குக் காவல் நிற்க வேண்டியிருக்கிறது என்பதும் பாத்திரத்தின் வலிமையில் சேரும். அட்டவணையில் இதற்கு இடமில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஜாங்கீஃபைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. 1991-இல் கேப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ வெளியிட்டபோது தேர்ந்தெடுக்கக் கிடைத்த எட்டுப் பேரில் ஒருவன் இந்த ரஷ்ய மல்லன். பெரிய உடம்பு, மந்தமான நடை, தூரத்திலிருந்து எறிய எதுவும் கிடையாது. கைல் என்ற அமெரிக்கப் படைவீரன் மூலையில் உட்கார்ந்துகொண்டு சோனிக் பூம் என்ற காற்றலையை ஒன்றன்பின் ஒன்றாக வீசினால், ஜாங்கீஃபுக்கு ஆட்டமே நடைப்பயணம்தான்: தடுத்து, ஓரடி முன்வைத்து, மறுபடி தடுத்து. குறைகளை மட்டும் எழுதினால் ஒரு பக்கம் நிரம்பும்.

நிறை என்று எழுத முதன்மையாக ஒன்றுதான் உண்டு: ஸ்க்ரூ பைல்டிரைவர். ஸ்டிக்கை முழு வட்டமாகச் சுழற்றிக் குத்துப் பொத்தானை அழுத்தினால், அருகில் இருப்பவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழன்று தரையில் குத்தும் பிடி. இதைத் தடுக்க முடியாது. தடுத்துக்கொண்டு நிற்பவரையே அது தூக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் அதன் வலிமையான வடிவம் ஒரே பிடியில் சாதாரண உயிர்ப்பட்டையின் கால்பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறது.

இந்தப் பிடி ஒரு சுற்றில் இரண்டு மூன்று முறைதான் விழலாம். விழாமலே சுற்று முடிந்துபோவதும் உண்டு. ஆனாலும் ஆட்டம் முழுவதும் அது வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஜாங்கீஃப் பக்கத்தில் வந்துவிட்டால் எதிராளியால் தடுத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. குதிக்க வேண்டும், பின்வாங்க வேண்டும், இல்லை முந்திக் குத்த வேண்டும். குதிப்பவரை அடிக்க அவனிடம் வழி இருக்கிறது. பின்வாங்குபவர் மூலைக்குப் போகிறார். முந்திக் குத்துபவர் பிசகினால் பிடியில் விழுகிறார். சடுகுடுவில் பாடிவரும் ஆள் எவரையும் தொடாமலே எதிரணியைக் கோட்டோரம் வரை ஒதுங்க வைப்பதைப் போன்றது இது. எதிராளியின் கையிலிருந்த மிகப் பாதுகாப்பான ஒரு வழியை ஜாங்கீஃப் பிடுங்கி எறிந்துவிட்டான். அதுதான் அவனுடைய வலிமை.

இங்கிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நான் கையாள்வதும் அதுவே. ஒரு பாத்திரம் எதிராளியிடமிருந்து எந்த வழிகளைப் பறிக்கிறது என்பது அதன் பலம். தன்னை ஆடுபவருக்கு எந்த வழிகளைக் கொடுக்க மறுக்கிறது என்பது அதன் பலவீனம். வேகம், நீளம், சேதம் எல்லாம் இந்த இரண்டுக்குள் வந்து அடங்கும்போதுதான் பொருள் பெறுகின்றன.

கைலை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். சோனிக் பூம் வீச, ஸ்டிக்கைச் சற்று நேரம் பின்னால் பிடித்திருந்து பிறகு முன்னே தள்ள வேண்டும். குதித்து வருபவரை வீழ்த்தும் உதைக்கும் அப்படியே: கீழே பிடித்திருந்து மேலே தள்ளல். பின்-கீழ் மூலையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் இரண்டும் ஒருசேர ஆயத்தமாகின்றன. பூமை வீசிய பிறகு அவன் மீள்வதும் விரைவு. தரைவழியும் வான்வழியும் அடைபட்டதாக எதிராளி உணர்கிறார். ஆனால் முன்னால் ஓரடி நடந்தால், ஸ்டிக்கை அப்படிப் பிடித்திருந்து சேர்த்த சேமிப்பு கலைந்துவிடும். துரத்திப்போய்த் தாக்கும் வழியைக் கைல் தன் ஆட்டக்காரருக்கு மறுக்கிறான். உயிர்ப்பட்டையில் பின்தங்கி, நேரமும் குறைந்துவரும் நிலையில் கைலை ஆடியவர்களுக்கு இந்த மறுப்பின் கனம் தெரியும். பலமும் பலவீனமும் அவனிடத்தில் ஒரே விதியின் இரு விளைவுகள். ஒன்றைத் திருத்தினால் மற்றதும் கலையும்.

இந்தியாவைச் சேர்ந்தவனாகக் கேப்காம் படைத்த யோகி தால்சிமிடம் இது இன்னும் கண்கூடு. அவன் கைகால்கள் திரையின் ஏறத்தாழ பாதி தூரம் நீளும். நீண்ட கை அடிக்கும். நீண்டு கிடக்கும் அந்தக் கையே அடிபடவும் செய்யும். அவன் அடியைச் சரியாகக் கணித்தவர், நெடுந்தொலைவில் நின்றபடியே அவன் கையை அடித்துவிடலாம்.

அடுத்தது ஒருவருக்கு எதிராக ஒருவர் என்ற கணக்கு. மேட்ச்-அப் என்பார்கள். ஒரே தரத்து இருவர் பத்து ஆட்டம் ஆடினால் இவன் ஆறு வெல்வான், அவன் நான்கு வெல்வான் என்று 6-4, 7-3 என எழுதி, எல்லாப் பாத்திரங்களையும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கட்டம் போடுவது ஜப்பானிய ஆட்டக்காரர்களிடம் நெடுநாள் வழக்கம். தனி எழுத்தில் தரம் போடுவதைவிட இது எத்தனையோ மேல். வலிமை என்பது யாரை எதிர்த்து என்ற கேள்வியில்லாமல் நிற்காது என்பதை இந்தக் கட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் கட்டத்தின் வரிசைகளைக் கூட்டி, கூட்டுத்தொகையை வைத்து மறுபடி ஒரு தரவரிசை செய்யும்போது கிடைத்த நன்மை கைநழுவுகிறது. கூட்டல் எல்லா எதிராளிகளையும் சமமாக எண்ணுகிறது. போட்டியிலோ பாதிப் பேர் நாலைந்து பாத்திரங்களைத்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த நாலைந்து பேரை நன்றாகச் சமாளித்து, எவரும் ஆடாத மூவரிடம் படுதோல்வி அடையும் பாத்திரம், கூட்டுத்தொகையில் கீழேயும் கோப்பை மேடையில் மேலேயும் இருக்கும். எவரோடும் 5-5 என்று நிற்பவன், சிலரோடு 8-2, சிலரோடு 2-8 என்று நிற்பவன் ஆகிய இருவருக்கும் கூட்டுத்தொகை ஒன்றாகவே வரலாம். நீண்ட போட்டியில் பின்னவனை நம்பி இறங்குவது சூதாட்டம்.

மேட்ச்-அப்புக்கும் அடியில் விளையாட்டின் பொது விதி இருக்கிறது. அது மாறினால் பாத்திரத்தின் பொருளே மாறிவிடும். 1999-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்டு ஸ்ட்ரைக்கில் பாரி என்று ஒரு வசதி உண்டு. அடி வந்து தொடும் நேரத்தில் முன்பக்கம் தட்டினால் சேதமே இல்லாமல் அடியை விலக்கிவிடலாம். அந்த விளையாட்டில் ரெமி என்றொரு பாத்திரம்: கைலைப் போலவே சேமித்து வீசும் அலை, சேமித்து எழும் உதை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் கைலை அச்சத்துக்குரியவனாக ஆக்கிய அதே ஆயுதங்கள். தேர்டு ஸ்ட்ரைக்கிலோ ரெமி கீழ்வரிசைக்காரன். எதிராளி அலையைத் தட்டிவிட்டு நடந்து வருகிறார். கைல் பறித்த வழியை ரெமியால் பறிக்க முடியவில்லை. ஜாங்கீஃபின் கதை இதன் மறுதலை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் பொது விதிகளில் அலைகளை வாங்கிக்கொள்ளும் டிரைவ் பாரியும், பாய்ந்து நெருங்கும் டிரைவ் ரஷ்ஷும் எல்லாருக்கும் கிடைத்தன. எல்லாருக்கும் கிடைத்தது என்றாலும், நெருங்குவதொன்றே குறையாக இருந்தவனுக்குக் கிடைத்ததன் மதிப்பு வேறு. வெளிவந்த புதிதில் பலர் அவனைப் பட்டியலின் அடியில் போட்டார்கள்; பிறகு வந்த திருத்தங்களும் ஆட்டக்காரர்களின் உழைப்பும் சேர்ந்து அந்த மதிப்பீட்டை மேலே கொண்டுவந்தன.

விதி, எண், எதிராளி எதுவும் மாறாமலே ஒரு பாத்திரத்தின் மதிப்பு மட்டும் மாறுமா? மாறும். அதற்குச் சான்று 2001-இல் நின்டெண்டோ கேம்கியூப் கருவிக்கு வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ. இணையம் வழியே திருத்தம் அனுப்பும் வழக்கம் வராத காலத்து விளையாட்டு அது. ஐரோப்பியப் பதிப்பில் வந்த சிறு வேறுபாடுகளை விட்டுவிட்டால், அன்று வட்டில் எழுதப்பட்ட எண்களே இன்றும். எதிரியை அரங்கைவிட்டு வெளியே அடித்துத் துரத்துவதுதான் ஆட்டம். கால் நூற்றாண்டை நெருங்கியும் போட்டிகள் ஓயவில்லை. எடைபோடும் கலையைப் பற்றிப் பேச இதைவிடத் தூய்மையான சோதனைக்கூடம் கிடையாது. மாறியது மனிதரின் அறிவு மட்டுமே.

தொடக்ககாலப் பட்டியல்களின் உச்சியில் ஷீக் இருந்தாள். கை வேகம் கூடிய பிறகு அந்த இடம் ஃபாக்ஸுக்குப் போனது. இதைவிட வியப்பானது ஜிக்ளிபஃபின் ஏற்றம். இளஞ்சிவப்புப் பந்து போன்ற அந்தப் போக்கிமான், விளையாட்டின் எடை குறைந்த பாத்திரங்களில் ஒன்று. நல்ல அடி ஒன்று பட்டால் பறந்துவிடும். கேடயம் உடைந்தால் மற்றவர்கள் மயங்கித் தள்ளாடுவார்கள். ஜிக்ளிபஃப் மேலே கிளம்பி, பெரும்பாலும் அங்கேயே உயிரை விட்டுவிடும். ரெஸ்ட் என்ற அதன் பெரிய அடி முதல் ஃபிரேமிலேயே விழும், ஆனால் உடலோடு உடல் ஒட்டும் அளவுக்கு நெருங்கியிருக்க வேண்டும். அடித்த பிறகு சுமார் 4 நொடி தூங்கிக் கிடக்கும். தவறினால் எதிராளி ஆற அமர வந்து அடிக்கலாம். காகிதத்தில் இதைப் படிப்பவர் எவரும் கீழேதான் வைப்பார்கள்; அன்று வைத்தார்கள்.

பார்க்கத் தவறியது வானம். ஜிக்ளிபஃப் காற்றில் பக்கவாட்டில் நகரும் லாவகம் வேறெந்தப் பாத்திரத்துக்கும் இல்லை; தரையைத் தொடாமலே 5 முறை மேலும் குதிக்கலாம். எதிராளியின் கை எட்டும் விளிம்பில் மிதந்து உள்ளே வந்து, அடித்து, அடி விழுமுன் வெளியே போய்விடும். அரங்குக்கு வெளியே துரத்திப் போகும்போது மற்றவர்களுக்கு இருக்கும் அச்சம் அதற்கு இல்லை. மேங்கோ என்ற இளைஞர் 2009-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஜெனிசிஸ் போட்டியை இந்தப் பாத்திரத்தின் துணையோடு வென்றார். பின்னர் ஹங்ரிபாக்ஸ் என்ற ஆட்டக்காரர் ஆண்டுக்கணக்கில் அதை மட்டுமே ஆடி, 2016 ஈவோவில் ஸ்வீடனின் ஆர்மாடாவைத் தோற்கடித்துப் பட்டம் பெற்றார். தவறினால் 4 நொடி தூக்கம் என்ற பலவீனம் ஒரு துளியும் குறையவில்லை. தவறாத தருணத்தைத் தேர்ந்தெடுக்கும் அறிவு வளர்ந்தது. மற்ற அடிகளிலிருந்து ரெஸ்டுக்குக் கொண்டுசெல்லும் வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன.

யோஷியின் கதை இன்னும் நீண்டது. பல ஆண்டுகள் அது பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. காரணங்களும் பொய்யல்ல. கேடயத்திலிருந்து நேராகக் குதித்து வெளியேற அதனால் முடியாது. அரங்குக்கு வெளியே விழும்போது மேலே தூக்கிவிடும் தனி அடியும் கிடையாது, முட்டைதான் எறியும். ஆனால் அதன் வான் குதிப்பில் அடியைத் தாங்கும் வலிமை ஒளிந்திருந்தது, கேடயத்தைத் தூக்கும் அந்தக் கணத்தில் எதிரியின் அடியை ஒன்றுமில்லாமல் ஆக்கும் வாய்ப்பும் இருந்தது. இரண்டுக்கும் மிகத் துல்லியமான நேரம் வேண்டும். ஜப்பானின் ஆம்சா இந்த இரண்டையும் தன் ஆட்டத்தின் முதுகெலும்பாக்கினார். 2022 அக்டோபரில் அமெரிக்காவின் தி பிக் ஹவுஸ் 10 போட்டியில் அவர் யோஷியோடு முதலிடம் பெற்றபோது, விளையாட்டுக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது.

இருபது ஆண்டுகளாக எவராலும் மாற்றப்படாத ஒரு பொருளை ஆயிரக்கணக்கானோர் உற்றுப் பார்த்தும் அதன் ஒரு மூலையைச் சரியாகக் காணவில்லை என்றால், வெளிவந்த பத்தாம் நாளில் போடப்படும் பட்டியலுக்கு என்ன உறுதி இருக்க முடியும்? கீழ்வரிசைப் பாத்திரத்தை யாரும் ஆடுவதில்லை. ஆடாததால் அதன் வழிகள் தெரிவதில்லை. தெரியாததால் அது கீழ்வரிசையிலேயே கிடக்கிறது. இந்த வட்டத்தை உடைப்பவர்கள் தோல்வியைச் சுமந்துகொண்டு ஒரே பாத்திரத்தோடு ஆண்டுகள் இருப்பவர்கள்தாம். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சிலர் ஒதுக்குவதுண்டு. இந்தத் துறையின் உண்மையான ஆய்வாளர்கள் அவர்களே என்பது என் கருத்து.

இதிலிருந்து எல்லாப் பாத்திரமும் சமமே, ஆடுபவரின் திறமைதான் எல்லாம் என்று நீட்டிக்கொண்டு போவோரும் இருக்கிறார்கள். அது தவறு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் கடைசிப் பதிப்புகளில் ஒன்றான 1994-இன் சூப்பர் டர்போவில் மறைந்திருக்கும் அகுமாவை எடுத்துக்கொள்ளுங்கள். வானிலிருந்து சாய்வாக அலை எறிவான். அதைக் கடந்து நெருங்கும் வழி பெரும்பாலான பாத்திரங்களுக்குக் கொடுக்கப்படவே இல்லை. ஆய்வால் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியவில்லை. போட்டிகள் அவனைத் தடை செய்தன. அதே விளையாட்டில், முந்தைய பதிப்பின் வடிவிலேயே எடுத்தாடக்கூடிய பழைய சகாத்துக்கு நேர்ந்தது நுட்பமானது. அவனை ஜப்பானிய ஆட்டக்காரர்கள் பலர், எழுதி வைத்த தடை எதுவும் இல்லாமலே, ஒருவருக்கொருவர் புரிந்துகொண்டு தவிர்த்தார்கள். வெல்லவே முடியாதவன் என்பதற்காக அல்ல. அவன் இருந்தால் சில நலிந்த பாத்திரங்களுக்கு ஆட்டத்தில் இடமே இல்லாமல் போகும் என்பதற்காக. இதுவும் ஒரு மதிப்பீடுதான், மிகவும் பொறுப்பான மதிப்பீடு.

இப்போதைய நிலைமை வேறு. நிறுவனமே சில மாதங்களுக்கு ஒருமுறை எண்களை மாற்றியமைக்கிறது. 2019 டிசம்பரில் டெக்கன் 7-இல் லெராய் ஸ்மித் என்ற புதிய பாத்திரம் வந்தது. அடுத்த மாதமே நடந்த ஈவோ ஜப்பான் போட்டியின் இறுதி எட்டுப் பேரில் ஆறு பேர் லெராயை ஆடினார்கள். வென்ற தாய்லாந்தின் புக் ஆடியதும் லெராயைத்தான். விளையாட்டை வெளியிட்ட பண்டாய் நாம்கோ அவன் வலிமையைக் குறைத்தாக வேண்டியிருந்தது, குறைத்தது. அந்தத் திருத்தம் நியாயமானது. ஆனால் இந்த வசதி வந்த பிறகு, ஒரு பாத்திரம் ஒரு பருவம் வெல்லவில்லை என்றதும் வலுவூட்டு என்றும், வென்றதும் குறை என்றும் எழும் கூக்குரல் ஓய்வதில்லை. யோஷிக்குக் கிடைத்த இருபது ஆண்டுகள் இன்று எந்தப் பாத்திரத்துக்கும் கிடைக்காது. அறிவு முதிருமுன் பொருள் மாறிவிடுகிறது. இதை நான் இழப்பாகவே கருதுகிறேன்.

ஒற்றைக் காட்சியிலிருந்து முடிவெடுப்பது பற்றியும் ஒரு சொல். 2004 ஈவோவில் தேர்டு ஸ்ட்ரைக் ஆட்டத்தில் ஜஸ்டின் வோங்கின் சுன்-லி தன் பெரும்தாக்குதலைத் தொடுக்க, உயிர்ப்பட்டை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கியிருந்த டைகோ உமேஹாராவின் கென் அதன் 15 உதைகளையும் ஒவ்வொன்றாகப் பாரி செய்து திருப்பி அடித்து வென்றான். சாதாரணமாகத் தடுத்திருந்தால் அந்தச் சிறு சேதமே டைகோவை வீழ்த்தியிருக்கும். சண்டை விளையாட்டு வரலாற்றில் மிகப் பலர் பார்த்த காணொளிகளில் அது ஒன்று. அதைப் பார்ப்பவர் சுன்-லியின் பெரும்தாக்குதல் பாரிக்கு முன் நிற்காது என்று எண்ணலாம். நடைமுறையில் அந்தத் தாக்குதல் தனியாக வருவதில்லை. தாழ்ந்து உதைக்கும் நடுத்தர உதை பட்டதைக் கண்ணால் உறுதிசெய்துகொண்டு, அதன் மேலேயே தொடுக்கப்படும். அப்போது பாரிக்கு வழியே கிடையாது. சுன்-லி அன்றும் இன்றும் அந்த விளையாட்டின் உச்சி வரிசைக்காரி. டைகோவும் அந்தப் பட்டத்தை வெல்லவில்லை, இறுதியில் கே.ஓ. என்ற பெயரில் ஆடிய கெஞ்சி ஒபாடாவின் யுன்னிடம் தோற்றார். யுன்னும் உச்சி வரிசைதான். அந்த நாளின் மிக அழகான கணம் ஒரு கதையும், கோப்பை இன்னொரு கதையும் சொல்லின.

கடைசியாகக் கை. ஒரு பாத்திரத்தின் வலிமை முழுவதும் கடினமான விரல்வேலையில் இருந்தால் அதை எப்படி எழுதுவது? உலகில் பத்துப் பேர் மட்டுமே தொடக்கூடிய உச்சத்தை வைத்து மதிப்பிடுவதா, பெரும்பாலோர் தொடும் உயரத்தை வைத்தா? இரண்டும் வேண்டும், தனித்தனியாக. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் மாடர்ன் கட்டுப்பாட்டு முறை இந்தக் கேள்வியை வெளிப்படையாக்கிவிட்டது. ஒரே பொத்தானில் சிறப்பு அடி வரும். விலையாக அதன் சேதத்தில் 20 விழுக்காடு குறையும். கைலை அதில் ஆடினாலும் சேமிப்பு தேவைதான். ஜாங்கீஃபின் முழு வட்டமோ ஒரு பொத்தானாகிவிடுகிறது. பாத்திரம் ஒன்றே, பெயர் ஒன்றே, ஆனால் எதிராளி அஞ்ச வேண்டியவை மாறிவிடுகின்றன.

தமிழில் இப்போது இந்த விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பாத்திரத்தை எஸ் என்றோ டி என்றோ முத்திரை குத்துமுன், எந்தப் பதிப்பை வைத்துச் சொல்கிறீர்கள், எந்த எதிராளிகளை மனத்தில் வைத்துச் சொல்கிறீர்கள், எந்தத் தரத்துக் கைக்குச் சொல்கிறீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். பலம் என்ற தலைப்பின் கீழ் அந்தப் பாத்திரம் எதிராளிக்கு எதைச் செய்ய முடியாமல் ஆக்குகிறது என்று எழுதுங்கள். பலவீனம் என்ற தலைப்பின் கீழ் ஆடுபவர் எந்த நிலைமையில் கைகட்டி நிற்க நேரும் என்று எழுதுங்கள். புதிதாக ஆட வரும் பிள்ளை ஒருவர் தனக்குப் பிடித்த பாத்திரம் கீழ்வரிசை என்று கேள்விப்பட்டு அதை விட்டுவிட நினைத்தால், பட்டியலைக் காட்டாதீர்கள். எந்த ஆட்டத்தில், யாரிடம், எந்த இடத்தில் தோற்றோம் என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள்.